உயிரோடிருந்தவருக்கு ஓர் இரங்கல் கடிதம்

"அந்தக் கடிதத்தை எடு" என்றார் பெஞ்சமின் சார்.

வெள்ளிக்கிழமை, காலை இரண்டாம் வகுப்பு. அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். விழுப்புரத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த எங்கள் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட நான்கு அறைகள் இருந்தன. கடைசி அறை, ஆங்கில இலக்கியம் படித்த எங்கள் ஒன்பது பேருக்கு. தகரத்தின் ஆணித் துளை வழியே காசளவு வெயில் உள்ளே விழும். பாடம் நடக்க நடக்க அது மேசை மேல் நகரும். சார் கேட்ட வேளையில் அது என் கட்டுரை நோட்டின் மேல் நின்றிருந்தது.

"எந்தக் கடிதம் சார்?"

"நீ எழுதிய இரங்கல் கடிதம். ஆண்டு மலரில் சேர்க்கலாம் என்று முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன்."

நோட்டைத் திறந்தேன். சார் கொடுத்த மதிப்பெண் சீட்டு இருந்தது. கடிதம் இல்லை. பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். உதறினேன். மை ஒற்றும் தாள் ஒன்று தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது, குனிந்த நிலையிலேயே, அந்தக் கடிதம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே நிமிர முடியவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்றார் சார்.

"ஒன்றுமில்லை சார். கடிதம் வீட்டில் இருக்கிறது."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அது ஒரு வீட்டில்தான் இருந்தது. என் வீட்டில் அல்ல.

ஒன்பது மாமாக்கள்

ஆங்கிலத்தையும் அதில் எழுதுவதையும் ஒருவன் மூன்றாண்டு பட்டமாகப் படிப்பான் என்பது அன்று எங்கள் பக்கத்தில் பலருக்குப் புரியாத காரியம். "இங்கிலீசு படிக்கிறான்னா, இன்னும் அவனுக்கு இங்கிலீசு வரலியா?" என்று திண்டிவனத்தில் என் தந்தையைக் கேட்டவர்கள் உண்டு. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு மட்டும் அந்தப் படிப்பில் அசையாத நம்பிக்கை. தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் விழித்து நிற்கும் மனிதர்களை அவர் நாள்தோறும் பார்த்தார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் வாசல்ல நின்னு பழகிட்டேன். நீ உள்ள போயிடு."

உள்ளே போவது எளிதாக இல்லை. செய்யுளையும் நாடகத்தையும் மனப்பாடத்தால் கடந்துவிடலாம். எனக்கு அச்சம் தந்தது கட்டுரைத் தாள். சொந்தமாக எழுத வேண்டும் என்பார்கள். சொந்தமாக எழுதுவதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கைடு. அதை ஒன்பது பேரும் சுற்றுக்கு விட்டுப் படித்தோம்.

முதல் பருவத்தில் உறவினர் ஒருவரின் நலம் விசாரித்துக் கடிதம் எழுதச் சொன்னார் பெஞ்சமின் சார். ஒன்பது நோட்டுகளையும் வாங்கிப் போய், மறுநாள் அடுக்கிக்கொண்டு வந்தார்.

"உங்கள் ஒன்பது பேருக்கும் பம்பாயில் ஒரு மாமா இருக்கிறார். ஒன்பது மாமாவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஒன்பது பேரும் ஆரஞ்சுப் பழச்சாறு குடித்துக் குணமாகியிருக்கிறார்கள். எப்படி இது?"

பின்வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தான். "ஒரே மாமாதான் சார். பெரிய குடும்பம்."

சாரும் சிரித்தார். ஆனால் அன்று முதல் கைடு தடை செய்யப்பட்டது. அவர் புதிதாக ஒரு முறை வகுத்தார். கடிதப் பயிற்சி என்றால் இன்லண்டுக் கடிதத்தாளில் எழுத வேண்டும். உண்மையான ஒருவருக்கு எழுத வேண்டும். மேலே அவருடைய மெய்யான முகவரி இருக்க வேண்டும். "இல்லாத மனிதனுக்கு எழுதினால் இல்லாத உணர்ச்சிதான் வரும்" என்பார். மற்றொருவருக்கு எழுதிய கடிதத்தில் சிவப்பு மை போடுவது நாகரிகம் அல்ல என்பது அவர் கொள்கை. ஆகவே திருத்தமும் மதிப்பெண்ணும் தனிச் சீட்டில் வரும். கடிதத்தில் ஒரு கோடுகூட இராது.

அந்த நாகரிகம்தான் பின்னால் நடந்தவற்றுக்கு இடம் கொடுத்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் கண்ட ஆசிரியர்களில் அவர் நேர்மையானவர்.

எட்டு மதிப்பெண்

தைப் பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் கொடுத்த பயிற்சி: நண்பனின் தமையன் இறந்துவிட்டார்; இரங்கல் தெரிவித்து எழுதுக.

எனக்கு நண்பன் என்றால் ஏழுமலைதான். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அவன் வீடு. நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படித்தான். என்னை அவன் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "டேய் திண்டிவனம்" என்பான். அந்த வாரம் அவன் என்.சி.சி. முகாமுக்காக வெளியூர் போயிருந்தான்.

அவனுக்குக் கலியமூர்த்தி என்று ஓர் அண்ணன். ராணுவத்தில் சேர்ந்து, பனி மூடிய வடக்கு எல்லையில் எங்கோ இருந்தார். தந்தை இறந்த பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். இரண்டு மாதமாக அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. ஏழுமலை இதை ஒரு முறை வேடிக்கை போலச் சொன்னான்: "எங்க அண்ணனுக்குக் கையி ஒறைஞ்சிப் போச்சு போல. ஒரு கடுதாசியும் காணோம்." சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டான்.

அவன் மாற்றிய அந்தப் பேச்சை நான் எடுத்துக்கொண்டேன். கலியமூர்த்தியை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் பனி, எல்லை, வராத கடிதம் என்று கடிதத்துக்கு வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மேலே ஏழுமலையின் ஊர் முகவரியை எழுதி, உன் அண்ணனின் மறைவுச் செய்தி கேட்டு நொறுங்கிப் போனேன் என்று தொடங்கினேன். சாந்தமே உருவானவர், உரத்துப் பேசி அறியாதவர், எவர் மனத்தையும் நோகடிக்காதவர் என்று வளர்த்தேன். ஆங்கிலத்தில் அச்சொற்கள் ஒன்றையொன்று கைபிடித்து வந்தன. எழுதி முடித்தபோது என் கண்ணே ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமை பெஞ்சமின் சார் அதை, பெயர்களை விட்டுவிட்டு, வகுப்பில் உரக்கப் படித்தார். கடைசி வரியில் அவர் குரல் கம்மியது. பத்துக்கு எட்டு. அவர் எவருக்கும் ஆறுக்கு மேல் கொடுத்ததில்லை. சீட்டில், இதை எழுதியவனின் துயரம் உண்மையானது என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை ரயிலில், முண்டியம்பாக்கம் முதல் திண்டிவனம் வரை, அந்தச் சீட்டைப் பலமுறை படித்தேன். உயிரோடிருக்கும் ஒருவரைக் கொன்று வாங்கிய பாராட்டு அது என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான வேலை. என் தந்தை கட்சிக்காரர்களுக்கு எழுதும் கடிதங்களைப் பசை தடவி ஒட்டி, விழுப்புரம் ஜங்ஷனில் உள்ள ரயில்வே தபால் பெட்டியில் நான் போட வேண்டும். அங்கே போட்டால் அன்றைக்கே கிளம்பிவிடும் என்பார். நோட்டின் மேல் அவர் கடிதங்களை வைத்திருந்தார். எல்லாம் ஒரே நீலம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மொத்தமாக எடுத்து ஒட்டினேன். மொத்தமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். நோட்டிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்த என் தாளும் அவற்றோடு சேர்ந்து வந்திருக்கிறது.

இந்த உண்மைதான் வெள்ளிக்கிழமை, தகரக் கூரையின் கீழ், குனிந்த நிலையில் எனக்கு விளங்கியது.

பெட்டிக்குள் போனது

வகுப்பு முடியும்வரை காத்திருக்கவில்லை. ஜங்ஷனுக்கு ஓடினேன். தபால் பிரிக்கும் அறையின் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"சார், செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் தவறிப் போட்டுட்டேன். திருப்பி எடுக்க முடியுமா?"

"செவ்வாக்கெழம போட்டதுக்கு வெள்ளிக்கெழம வர்றியே, ரொம்ப ஜல்திதான்." குத்துவதை அவர் நிறுத்தவில்லை. "லவ் லெட்டரா?"

"இல்லை சார்."

"பின்ன ஏன் இப்படி நடுங்குறே? பொட்டியில உழுந்த கடுதாசி போட்டவனுக்குச் சொந்தம் இல்ல தம்பி. எந்த ஊரு?"

சொன்னேன்.

"அது புதங்கெழமையே போய்ச் சேந்திருக்கும். இன்னேரம் படிச்சி, பதிலே எழுதிக்கினு இருப்பாங்க. போ."

அரசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நிற்கத்தான் இடம். என் முன்னால் ஒரு பெண்மணி மடியில் சேவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது நான் அசையும்போதெல்லாம் என்னையே பார்த்தது. ஏழுமலையின் தாயைப் பற்றி அவன் சொன்ன ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கணவர் இறந்த அன்று அவருக்கு மூச்சு நின்றுபோய், தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். பிழைத்தது பெரிது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஏழுமலையும் ஊரில் இல்லை. அந்த வீட்டில் அவரும், ஏழுமலையின் தங்கையும் மட்டும்தான்.

கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார். அவர் முதல் வரியைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று நின்றிருப்பார். இதற்கு மேல் நினைக்க நான் அஞ்சினேன். ஆயினும் நினைத்தேன்.

திருவெண்ணெய்நல்லூரில் இறங்கி ஊரை நோக்கி நடக்கையில் எதிரே சைக்கிளில் தபால்காரர் வந்தார். கையை நீட்டி நிறுத்தி, ஏழுமலை வீட்டுக்குக் கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"ஏழுமல பேருக்கு வந்த இன்லண்டா? முந்தாநேத்தே குடுத்தாச்சு. அந்தப் பொண்ணு வாங்கிக்கினுச்சு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சேதி? எதுனா கெட்டதா?"

"தெரியாது" என்றேன்.

அழுகுரல் கேட்கவில்லை

ஒரு வீட்டில் சாவு என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். மேளச் சத்தம் கேட்கும். பெண்கள் கட்டிப்பிடித்து அழும் குரல் கேட்கும். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடக்கும்போது அந்தக் குரலுக்காகக் காது கொடுத்தபடி நடந்தேன். கரும்பின் காய்ந்த சோகைத் தாள் உரசும் ஓசைதான் கேட்டது. அது என் அச்சத்தைக் குறைக்கவில்லை. அழுது ஓய்ந்த வீடும் அப்படித்தான் இருக்கும்.

வாசலில் ஏழுமலையின் தாய், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி, வா. ஏழுமல இல்லியே, கேம்புக்குப் போய்க்கிறான். ஒண்டியாவா வந்தே?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேம்மா."

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக்கினு கீது? சாப்டியா இல்லியா? செந்தாமர! தம்பிக்கு மோரு கொண்டா."

அவருக்குத் தெரியாது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தேன்.

செந்தாமரை மோர்ச் சொம்போடு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயதிருக்கும். பள்ளி இறுதிவரை படித்துவிட்டு வீட்டோடு இருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனபோது அவள் என் முன் வந்து நின்றதில்லை. இப்போது சொம்பை நீட்டி, என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் என் மனைவியானாள். நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடர் கடந்த சில வாரங்கள் வெளிவராததற்கான காரணத்தை இவ்விதழின் ஆசிரியர் நாகரிகமாகக் குறிப்பிட்டிருந்தார். அதற்கு மேல் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

"இவளுக்கு இன்னா பேஜாரோ தெர்ல தம்பி" என்றார் தாய், மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டு. "புதங்கெழம நட்ட நடு மத்தியானம், கட்டுன துணியோட, கெணத்தடியில தலைக்கு ஊத்திக்கினு நிக்கிறா. ஊரே குளுருல நடுங்குது, இவளுக்கு வேர்க்குதாம். நீயும் படிச்ச புள்ள, கேளு."

எனக்கு மட்டும் விளங்கிற்று. சாவுச் செய்தி வந்தால் தலை முழுக வேண்டும். அவள் முழுகியிருக்கிறாள். யாருக்கும் சொல்லாமல், தனக்குத் தெரிந்த ஒரே சடங்கைத் தனியாகச் செய்து முடித்திருக்கிறாள்.

"மோட்டாரு ஓடுது பாரு, நிறுத்திட்டு வா. தம்பிக்கு ரெண்டு கரும்பு ஒடச்சிக் குடு" என்றார் தாய்.

மோட்டார் கொட்டாய்

கிணறும் அதை ஒட்டிய மோட்டார் கொட்டகையும் வீட்டுக்குப் பின்னால், முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தன. அவள் முன்னால் நடந்தாள். மோட்டார் சத்தம் எங்கள் பேச்சை மறைக்கும் இடம் வந்ததும், திரும்பாமலே சொன்னாள்:

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

வாய்க்கால் ஓரம் நின்றேன்.

"ஏழு அண்ணன் வரட்டும். நான் ஒண்டியா இருக்கச்சொல்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா, என்னால தாங்கிப் புடிக்க முடியாது. நீங்க சும்மா வந்த மாரி மோரு குடிச்சிட்டுப் போயிடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

நான் துக்கம் விசாரிக்க வந்திருப்பதாக அவள் நினைத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது? எங்களுக்குத் தந்தி வரலியே. மிலிட்டிரிலேர்ந்து காலேஜுக்குத்தான் மொதல்ல சொல்லுவாங்களா?"

இரண்டு நாளாக அவள் இதை யோசித்து, தனக்குத் தானே பதில் தேடி, ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு கொட்டாயின் கல்லில் உட்கார்ந்தேன்.

"யாரும் சாகலை" என்றேன்.

"இன்னா?"

"யாரும் சாகலை. அது கிளாசுல எழுதினது. பழக்கத்துக்கு எழுதச் சொன்னாங்க. தபால்ல போட எழுதினது இல்லை. தவறிப்போய்ப் போட்டுட்டேன்."

அவள் திரும்பினாள். அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"கிளாசுலயா?"

"ஆமா."

"செத்துட்டாங்கன்னு எழுதச் சொல்லுவாங்களா கிளாசுல?"

"ஆமா."

"அதுக்கு மார்க்கு குடுப்பாங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு எத்தினி குடுத்தாங்க?"

"எட்டு" என்றேன்.

அவள் போய் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் வாய்க்காலில் கடைசித் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கொட்டாயின் கூரையில் சோகைக்கு அடியில் கைவிட்டு, மடித்து மடித்துச் சிறிதாகிப் போயிருந்த நீலத் தாளை எடுத்தாள்.

"சாவுக் கடுதாசிய ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாதில்ல. இங்க சொருவி வெச்சேன்." என்னிடம் நீட்டினாள். "எனக்குப் பாதிதான் புரிஞ்சிது. பிரதரு, டெத்து, அது ரெண்டும் புரிஞ்சப்பறம் மீதி அங்கொண்ணு இங்கொண்ணுதான் கண்ணுல ஏறிச்சு. இன்னா எழுதிக்கிறீங்க, தமிழ்ல சொல்லுங்க."

மறுக்கும் உரிமை எனக்கு இல்லை. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். சாந்தமே உருவானவர் என்ற இடத்தில் அவள் கையைக் காட்டினாள்.

"யாரு?"

"உங்க அண்ணன்."

"எங்க அண்ணன் சாந்தமா? அது ஏர் ஓட்டச்சொல்ல மாட்ட அதட்டுனா ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும். ஏழு அண்ணனப் பொளந்து கட்டும். என்னிய ஒரு தடவ கெணத்துல தள்ளிட்டு, அதே குதிச்சித் தூக்குச்சி." சற்று நிறுத்தினாள். "மெதுவாப் பேசறவருன்னு போட்டிருந்திச்சே, அது வரைக்கும் எனக்குப் புரிஞ்சிது. வேற யாரோன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். அப்பறம், செத்தவங்களப் பத்தி இப்படித்தான் எழுதுவாங்க போலன்னு நெனச்சிக்கினேன்."

ஆங்கிலத்தில் மூன்றாண்டும், பின்னர் இரண்டாண்டும், அதன்பின் பல ஆண்டுகளும் நான் படித்தேன். என் எழுத்தைப் பற்றி அதைவிடத் துல்லியமாக எவரும் சொன்னதில்லை.

"அப்ப எங்க அண்ணன் உசுரோட கீது" என்றாள். "அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைத் திரும்பப் பெற வந்த இடத்தில் இன்னொரு பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாது."

"ரெண்டு மாசமா கடுதாசி இல்ல."

"தெரியும். அதனாலதான் அவரைப் பத்தி எழுதினேன்."

அவள் தாளை வாங்கி, கிழித்து, வாய்க்காலில் விட்டாள். நீலத் துண்டுகள் கரும்புக்குள் போயின.

"அம்மாவுக்கு இது எப்பவும் தெரியக் கூடாது. ஏழு அண்ணனுக்கும் தெரியக் கூடாது. தலைக்கு ஊத்திக்கினு போங்க. படிச்ச நானே ஊத்திக்கினேன். எழுதுனவங்க ஊத்திக்க வேணாமா?"

எவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கல்லூரிச் சட்டையோடு கிணற்றடித் தொட்டியிலிருந்து மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டேன். சொட்டச் சொட்ட முற்றத்துக்கு வந்த என்னைப் பார்த்து அந்தத் தாய் மல்லாட்டையைக் கீழே போட்டார்.

"அட, உனக்குமா வேர்க்குது?"

பனி விலகும் வரை

அதன்பின் வந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல இயலவில்லை. எழுதியது நடந்துவிடும் என்று நம்புகிற வளர்ப்பில் நான் வளரவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பது வேறு, அஞ்சாமல் இருப்பது வேறு. ஒவ்வொரு காலையும் ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது, வகுப்பில் ஏழுமலையின் இருக்கை காலியாக இருக்குமோ என்ற ஒரே எண்ணம். முகாமிலிருந்து அவன் திரும்பியிருந்தான். அவன் வழக்கம்போல் "இன்னாடா திண்டிவனம்" என்று தோளில் அடித்த பிறகுதான் அன்றைய மூச்சு வரும். இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள், கரும்பு வெட்டுக்குப் போனதாகச் சொன்னான்.

பெஞ்சமின் சார் கடிதத்தை மறுபடி கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். திரும்ப எழுதித் தரச் சொன்னார். முடியவில்லை சார் என்றேன். "ஒரு முறை வந்தது மறுமுறை வராது, உண்மைதான்" என்று அவராகவே ஒரு பொருள் கண்டு திருப்தியடைந்தார்.

மாசி கடைசியில் ஒரு நாள் ஏழுமலை வகுப்புக்குள் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"எங்க அண்ணன் எழுதிக்குது! ரோடெல்லாம் பனி மூடிப் போயி தபாலே எறங்கலியாம். நாலு பக்கம், நாலும் திட்டு. படிக்கலன்னா காலை ஒடப்பேன்னு எழுதிக்குது."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமல், அது ஓடுவதைப் பார்த்து நின்றேன்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத் தேர்வில் இரங்கல் கடிதம் கேட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டு நூலகங்களின் பயன் பற்றி எழுதினேன். பின்னாளில் நானே ஆங்கிலம் கற்பித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களை எத்தனையோ கடிதங்கள் எழுத வைத்தேன். அது ஒன்றை மட்டும் எழுதச் சொன்னதில்லை. காரணம் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை.

பதினாறாம் நாள்

செந்தாமரையின் காரியத்துக்குக் கலியமூர்த்தி வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். காது மந்தம். ஆற்றுக்கு அப்பால் கேட்ட குரல் அடங்கிப் போயிருந்தது. செய்தி வந்த நாள் முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள். கட்டாயப்படுத்தினால் இரண்டு வாய் உண்டு எழுந்துவிடுவாராம்.

காரியம் முடிந்த மதியம், எல்லாரும் உண்டு எழுந்த பிறகும் அவர் முன்னால் இலை அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பின்னாடி பொறந்தவ மாப்ள" என்றார். "எனக்கு முன்னாடி போயிட்டா. எனக்கு அவ அழுவணும். முறை அதுதான்."

அவருடைய தாய் போய் நாற்பது ஆண்டாகிறது. ஏழுமலையும் இல்லை. அன்று கிணற்றடியில் நான் கொடுத்த வாக்கைக் கேட்டவளும், அது எவருக்காகவோ அவர்களும் இன்று இல்லை. செந்தாமரை இதைத் தன் அண்ணனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"முறை தப்பவில்லை மச்சான்" என்றேன். "உங்களுக்காக அவள் ஏற்கெனவே துக்கம் அனுசரித்துவிட்டாள்."

அவர் காதை என் பக்கம் திருப்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பை, கடிதத்தை, எட்டு மதிப்பெண்ணை, புதன்கிழமைத் தலை முழுக்கை. உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த அறையில் பேச்சு நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை.

முடித்த பிறகு அவர் கோபப்படுவார் என்று அஞ்சினேன். இந்த வயதிலும் அவருடைய கோபத்துக்கு நான் அஞ்சினேன்.

"அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்லை. அழுதால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்."

"ரெண்டு நாளும்?"

"இரண்டு நாளும்."

அவர் தம் இலையைப் பார்த்தார். சோற்றின் ஓரம் காய்ந்திருந்தது.

"சோறு தின்னாளா?"

இதை நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன், திருமணமான புதிதில் ஒரு முறை. அவள் சொன்னதைச் சொன்னேன். "தின்றாள். சாப்பிடாமல் இருந்தால் அம்மா ஏன் என்று கேட்பார்களே. எதிரே உட்கார்ந்து, இரண்டு வேளையும் தின்றாள். சந்தேகம் வரக்கூடாதென்று மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றாளாம்."

கலியமூர்த்தி இலையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொழம்பு ஊத்து மாப்ள."

ஊற்றினேன். பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். முடிந்ததும், எச்சில் கையை இலைமேல் வைத்தபடி, மறுசோறு கேட்டார்.